பூச்சிப் படங்களை எங்கே வெட்டுவது? மூன்று படம் இணைத்திருக்கிறேன்

முள்ளியவளை வளவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் முள்ளியவளையில் முன்பள்ளி ஆசிரியை. பின்னேரங்களில் எங்கள் வளவுக்குள் பூச்சிகளைப் படம் எடுப்பதுதான் பொழுதுபோக்கு. கிணற்றடியில் வாழை, ஒரு தேசிமரம், வேலியோரம் செவ்வரத்தை, துளசி, வேலிக்கு அங்கால் எருக்கலைப் பற்றை. இவ்வளவுக்குள்ளேயே வேண்டிய பூச்சி எல்லாம் வருகிறது.

கமெரா பழையது, 24 மெகாபிக்சல். லென்ஸ் 50 எம்.எம். கனடாவில் இருக்கும் அண்ணா எக்ஸ்டென்ஷன் ரியூப் செற் ஒன்று அனுப்பினார், கிட்டப் போய் எடுப்பதற்காக லென்சுக்கும் கமெராவுக்கும் நடுவில் பூட்டுகிற வெற்றுக் குழாய்கள். அதில் 36 எம்.எம். ரியூபைத்தான் அதிகம் போடுகிறேன். பிளாஷ் கமெராவோடு சேர்ந்து வந்ததுதான்.

எடுப்பதில் பெரிய பிரச்சினை இல்லை, ஃபோகஸ் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. கொம்பியூட்டரில் போட்டுக் கிறொப் பண்ணத் தொடங்கினால்தான் குழப்பம். நெருக்கி வெட்டினால் அடையாள அட்டைப் படம் மாதிரி ஆகிவிடுகிறது. பூச்சி இருக்கிறது, பெயர் சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெட்டாமல் விட்டால் "பூச்சி எங்கே பிள்ளை?" என்று அம்மா கண்ணாடியைத் தேடுகிறார்.

படம் 1: தேசி இலையில் பச்சைப் புழு, வண்ணத்துப்பூச்சி ஆகப்போகிற பெரிய புழு. தலையும் வாலும் இரண்டு ஓரத்திலும் முட்டுமளவுக்கு வெட்டியிருக்கிறேன்.

படம் 2: வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீ, காய்ந்த துளசித் தண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு தூங்குகிறது. தண்டு சரிந்திருந்தது, கொம்பியூட்டரில் நேராக்கிவிட்டு வெட்டினேன். பின்னால் தெரிவது கிணற்றுக் கட்டு.

படம் 3: செவ்வரத்தையில் கும்பிடுபூச்சி, நேருக்கு நேர் முகம். எடுத்தபோது நடுவில்தான் இருந்தது. நடுவில் வைக்கக் கூடாது என்று எங்கேயோ வாசித்ததால் வலப்பக்கம் தள்ளி வெட்டிய பிரதி ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். எது நல்லது?

பெற்றோர் தினத்துக்கு முன்பள்ளிச் சுவரில் இந்த மூன்றையும் பிறின்ற் போட்டு மாட்ட நினைக்கிறேன். எவ்வளவு வெட்டலாம், பூச்சியை எங்கே வைக்கலாம், எந்த அளவில் வைக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் சரியில்லை என்றால் சரியில்லை என்றே எழுதுங்கள், கோபிக்க மாட்டேன்.


சின்னத்தும்பி எழுதியது:

அக்கா, படம் 3 அந்தமாதிரி! ஆனால் இன்னும் வெட்டலாம். நானென்றால் இரண்டு கண்ணும் வாயும் மட்டும் தெரிய வெட்டியிருப்பேன். இலை, தண்டு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதை ஏன் வைத்திருக்க வேண்டும்?

வவுனியாக் குளக்கட்டில் நான் தும்பி எடுப்பேன். போனில் கிளிப் லென்ஸ்தான். ஒரு செட்டையை மட்டும் பிரேம் முழுக்கப் போட்டு, கண்ணாடித் துண்டு துண்டாகத் தெரியிற அந்த நரம்புகளை மட்டும் காட்டினால் என்னது இது என்று கேட்கிறார்கள். கலைப்படம் என்றால் அதுதான். வளவுக்குள்ளேயே நிற்காமல் முத்தையன்கட்டுப் பக்கம் பற்றைக்குள் இறங்கிப் பாருங்கள், வேற மாதிரிப் பூச்சி எல்லாம் இருக்கும்.


முழுப்பிரேம் எழுதியது:

கிறொப் பண்ணுவது சோம்பேறித்தனம். எடுக்கும்போதே சரியாக எடுக்க வேண்டும். பெரிய கலைஞர்கள் யாரும் வெட்டியதில்லை.


பழைய இருட்டறை எழுதியது:

பிள்ளை, மூன்று படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வைத்திருந்தவன். கலியாணவீடு, சாமத்தியவீடு, பாஸ்போட் படம். பூச்சி எடுப்பது என் ஆசைக்கு, ஆனால் படத்தை வெட்டுவது எனக்குச் சோறு போட்ட தொழில்.

முதலில் முழுப்பிரேம் தம்பிக்கு. நீர் சொல்கிற பெரிய கலைஞர் பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் என்று நினைக்கிறேன், இந்த வாதத்துக்கு எல்லோரும் கூப்பிடுகிற சாட்சி அவர்தான். 1932இல் பாரிசில், சென்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரை ஒரு மனிதன் தாண்டுகிற படத்தை எடுத்தவர். வேலிப் பலகை இடுக்கால் லென்சை நீட்டி எடுத்ததால் இடப்பக்கத்தைப் பலகை மறைத்துவிட்டது. அதை வெட்டித்தான் அச்சடித்தார். வெட்டுவது அவருக்குப் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் பலகையா படமா என்று வந்தபோது அவர் பலகையைக் காப்பாற்றவில்லை. அதோடு கமெரா தருகிற இந்த 3:2 அளவை, அகலம் மூன்று பங்கு உயரம் இரண்டு பங்கு என்பதை, எந்தப் புழுவும் கேட்டு வாங்கவில்லை. சினிமாப் பிலிமைக் குறுக்கே ஓட்டி, 24க்கு 36 மில்லிமீற்றர் என்று லைக்கா கமெராவுக்காக அதை வடிவமைத்த ஒஸ்கார் பார்னாக் எடுத்த முடிவு அது. அவர் வசதிக்கு அவர் எடுத்தார், அவ்வளவுதான்.

இனி உம்முடைய விஷயம். வன்னிக்குள் பொருள் வராத காலத்தில் அச்சுத்தாள் கிடைப்பது பெரும்பாடு. நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சடிக்கிற என்லாஜரில் போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் இன்னொரு தாள் என்ற கதை இல்லை. நெகட்டிவைப் போடும் முன்பே எங்கே வெட்டுவது என்று முடிவாகிவிட வேண்டும். அதற்கு 'ட' வடிவில் வெட்டிய இரண்டு கறுப்பு மட்டை வைத்திருப்போம். சின்னப் பிரதியின் மேல் ஒன்றை நேரேயும் மற்றதைத் தலைகீழாகவும் வைத்தால் நடுவில் ஒரு சட்டம் கிடைக்கும். நகர்த்த நகர்த்தச் சட்டம் நீளும், குறுகும், சதுரமாகும். நீரும் ஒரு பழைய கொப்பி மட்டையில் வெட்டிக்கொள்ளும். படத்தைச் சாதாரணத் தாளில் ஒரு பிறின்ற் எடுத்து மேசையில் வைத்துப் பாரும்.

கொம்பியூட்டரில் இருக்கிற கருவி போதாதா என்று கேட்பீர். அதில் ஒரு குணம் உண்டு. முழுப் படத்தில் தொடங்கி உள்ளே உள்ளே வரச் சொல்லும். வெளியே போனதெல்லாம் மங்கிப்போகும், உடனே மறந்தும் போகும். அதனால் கை நிற்காமல் பூச்சியில் போய்த்தான் முட்டும். மட்டையை எதிர்ப்பக்கமாகப் பாவியும். பூச்சியின் கண்ணைச் சுற்றிச் சின்னச் சட்டமாக வைத்துத் தொடங்கி, மெல்ல வெளியே விரித்துக்கொண்டு போக வேண்டும். முதலில் உடம்பு வரும், பிறகு காலைப் பிடித்திருக்கிற இலை வரும், பிறகு அந்த இலையின் ஓரம். ஒரு கட்டத்தில் படத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று உள்ளே எட்டிப் பார்க்கும். கிணற்றுக் கட்டு, வெளிச்சப் பொட்டு, பாதி வெட்டுப்பட்ட மொட்டு, இப்படி ஏதாவது. அதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தும். அதுதான் வெட்டு. வெளியேயிருந்து உள்ளே வெட்டியதால்தான் உம்முடைய படம் 1 அடையாள அட்டை ஆனது.

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்ளும். வெட்டாத பிரதியையும் நீர் போட்டது நல்லதாய்ப் போயிற்று. புழுவுக்கு முன்னால் இலையைத் தின்றுகொண்டு போன இடம் பிறை மாதிரி வளைந்து நிற்கிறது, அதன் ஓரத்தில் வெளிச்சம் பிடித்திருக்கிறது. படத்தில் ஆக நல்ல கோடு அதுதான், அதைத்தான் நீர் முதலில் வெட்டி எறிந்திருக்கிறீர். பச்சைக்கு மேல் பச்சைப் புழு, நிறம் கைகொடுக்காது, கோடுதான் கைகொடுக்க வேண்டும். வலப்பக்கம் அந்த வளைவு முழுதாக வரட்டும், அதற்கு அப்பால் கொஞ்சம் வெறுமையும் இருக்கட்டும். வால் பக்கம் நெருக்கலாம், அங்கே ஒன்றும் நடக்கவில்லை. படுக்கைவாட்டுப் படமாகவே இருக்கட்டும், புழு படுக்கைவாட்டுப் பிராணி.

படம் 2இல் தண்டை நேராக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தேனீ காலால் பிடிக்கவில்லை, வாயால் கடித்துக்கொண்டு உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தூங்குகிறது. தண்டு சரிந்திருந்தால்தான் அந்தப் பாரம் தெரியும். நேராக்கினதும் பாரம் படத்தை விட்டுப் போய்விட்டது. திரும்பச் சரித்துவிடும். நிலைக்குத்தாக, 4க்கு 5 அளவில் வெட்டும். தண்டு கீழே இடப்பக்கத்தால் உள்ளே வரட்டும், ஆனால் சரியாக மூலையில் இருந்து புறப்பட வேண்டாம். மூலையில் கோடு முட்டினால் பார்க்கிறவரின் கண் அந்த வழியாலேயே வெளியே போய்விடும். கொஞ்சம் தள்ளி வரட்டும்.

ஆனால் கிணற்றுக் கட்டு? அதை எந்த வெட்டும் தீர்க்காது. தேனீயின் கழுத்துக்குப் பின்னால் குறுக்கே ஒரு வெள்ளை விளிம்பு ஓடுகிறது, பிளாஷ் நிழலும் சுவரில் விழுந்திருக்கிறது. இதைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கால்தான் தீர்மானிக்கும். ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்தால் கட்டுப் போய் வாழை இருட்டு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதுவும் சரிவராவிட்டால் கரும்பச்சைச் சேலை ஒன்றை இரண்டு முழம் பின்னால் கொடியில் போட்டுவிடும். பிளாஷை நேரே அடிக்காமல் ஒரு வெள்ளைத் துணியால் மறைத்து அடியும். பால்மா பக்கெட்டைக் கழுவி விரித்து, வெள்ளி நிற உட்பக்கம் தேனீயின் அடிவயிற்றைப் பார்க்கக் கீழே பிடித்தால் நீலக் கோடு தனியாக எழுந்து நிற்கும். தூங்குகிற பிராணி, அவசரம் இல்லை. காற்றுத்தான் பயம். சோளகம் தொடங்கிவிட்டால் தண்டு நிற்காது. தண்டின் அடியில் ஒரு தடியை ஊன்றி உடுப்புக் கிளிப்பால் பிடித்துவிடும்.

படம் 3இல் நடுதான் சரி. தள்ளி வெட்டிய பிரதியை அழித்துவிடும். பூச்சி பக்கவாட்டில் நின்று எங்கேயாவது பார்த்தால் அது பார்க்கிற பக்கம் இடம் விட வேண்டும், ஓரத்துக்குத் தள்ளலாம், சரி. ஆனால் உம்மை நேரே பார்க்கிற முகத்தை ஏன் தள்ள வேண்டும்? அந்த முக்கோணத் தலைக்குச் சதுரம் பொருந்தும். முன்கால் இரண்டும் மடிந்து நிற்கிற இடம் வரைக்கும் விடும். ஸ்ரூடியோவில் எங்களுக்கு முதல் பாடம், ஆளை மணிக்கட்டிலும் முழங்காலிலும் வெட்டாதே என்பது. மூட்டில் வெட்டினால் கை முறிந்த மாதிரி இருக்கும். கும்பிடுபூச்சிக்கும் அதே சட்டம். உணர்கொம்பு இரண்டும் ஒன்றில் முழுதாக உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நன்றாகக் கீழேயே வெட்டுப்பட வேண்டும். இப்போது இடது கொம்பின் நுனி மட்டும் காணவில்லை, அது கை தவறியது போலத் தெரிகிறது. மேல் மூலையில் செவ்வரத்தை இதழின் சிவப்புத் துண்டு ஒன்று நிற்கிறது. சதுரமாக்கினால் அதுவும் தானாகப் போய்விடும்.

சின்னத்தும்பித் தம்பிக்கு: செட்டை நரம்பை மட்டும் காட்டுவது நல்ல படம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது எடுக்கும்போதே அவ்வளவு கிட்டப் போய் எடுக்க வேண்டிய படம். தூரத்தில் எடுத்து வெட்டினால் நரம்பு வராது, புள்ளிதான் வரும். 6000க்கு 4000 புள்ளி உள்ள படத்தில் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி எடுத்தால் 3000க்கு 2000. 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடும். படத்தின் ஆட்டம், ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் வருகிற மணல் மாதிரிப் புள்ளி, ஃபோகஸ் பிழை எல்லாம் அதே அளவுக்குப் பெருக்கும்.

ஆனால் பிள்ளை, இதே கணக்கில் உமக்கு ஒரு இலாபமும் இருக்கிறது. பூச்சியை அதன் சொந்த அளவுக்கே சென்சரில் விழுத்தி, லென்சின் துவாரத்தை எஃப் 8 அளவில் வைத்து எடுத்தால் தெளிவாக வருகிற ஆழம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். கும்பிடுபூச்சியின் கண் தெளிவாக இருந்தால் மூக்கடி தெளிவில்லை. கொஞ்சம் விலகிப் பாதி அளவில் எடுத்தால் இரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு வரும். அதைப் பாதியாக வெட்டிப் பெரிதாக்கும்போது அந்த ஆழத்தில் பாதி கழியும், ஆனாலும் ஒரு மில்லிமீற்றர் மிஞ்சும். அதனால் ஆகக் கிட்டப் போய் நிற்காமல் ஒரு விரற்கடை விலகி எடுத்து, பிறகு அளவாக வெட்டும். 50 எம்.எம். லென்சில் ரியூப் போட்டால் லென்ஸ் பூச்சியின் மூக்கில் முட்டுகிற தூரத்துக்கு வந்து அதன் மேல் நிழலும் விழும். விலகினால் அந்தத் தொல்லையும் குறையும்.


நெடுங்கேணி ரீச்சர் எழுதியது:

ஐயா சொன்னதோடு உயிரியல் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன், படம் எடுக்கவும் உதவும்.

தங்கச்சி, படம் 1இல் நீங்கள் ஃபோகஸ் பண்ணியிருப்பது புழுவின் கண் இல்லை. தோள்ப் பக்கம் வீங்கிய இடத்தில் கண் மாதிரித் தெரிவது வெறும் புள்ளி, பறவையை வெருட்டுவதற்கு. உண்மையான தலை சின்னது, அதற்கு முன்னால் கீழே மடிந்திருக்கிறது. படத்துக்கு எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். பார்ப்பவர்கள் அந்தப் புள்ளியைத்தான் கண் என்று நினைப்பார்கள் என்பதால் அது தெளிவாக இருப்பதில் பிழையில்லை. ஆனால் இலை தின்னுகிற வாயைக் காட்ட வேண்டும் என்றால் கமெராவை இலை மட்டத்துக்கும் கீழே இறக்க வேண்டும். இன்னொன்று, குச்சியால் தட்டிப் பார்க்காதீர்கள். தட்டினால் தலைக்குப் பின்னால் இரண்டு கிளையாகச் செம்மஞ்சள் கொம்பு வெளியே வரும், நாற்றமும் அடிக்கும். படத்துக்கு அது வேண்டும் என்று சிலர் திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். எனக்குப் பிடிக்காது. அதே மரத்தில் தேடினால் காகத்தின் எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னப் புழுக்கள் இருக்கும். அதுவும் இதே இனம்தான், வயது குறைந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்!

தேனீ கவலை வேண்டாம், திரும்பவும் அகப்படும். அந்த இனத்தில் ஆண்கள்தான் இப்படிக் கூட்டமாகவும் தனியாகவும் தண்டைக் கடித்துத் தூங்கும், பெண்கள் மண்ணில் வளை செய்து அதற்குள் இருக்கும். பெரும்பாலும் அதே தண்டுக்கே திரும்பி வரும். பொழுதுபடும் நேரம் பாருங்கள், அல்லது விடியக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால். மாசி, பங்குனி என்றால் விடிய உடம்பில் பனித்துளியும் இருக்கும், குளிருக்கு அசையாது.

கும்பிடுபூச்சியின் கண்ணில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறதே, அது கருமணி இல்லை. கூட்டுக்கண்ணில் உங்களை நேரே பார்க்கிற சிற்றறைகள் வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்வதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. நீங்கள் எங்கே நகர்ந்தாலும் அதுவும் நகரும். ஐயா சொல்கிற மாதிரிச் சதுரமாக, நடுவில் வைப்பதென்றால் இந்தப் புள்ளியைப் பாருங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் இருந்தால் நீங்கள் சரியாக நேரே நிற்கிறீர்கள். உங்கள் படத்தில் வலது கண் புள்ளி கொஞ்சம் உள்ளே இருக்கிறது, ஒரு நூல் அளவு பக்கவாட்டில் நின்றிருக்கிறீர்கள்.

இலையை ஏன் வைக்க வேண்டும் என்று தம்பி கேட்டார். மரியா சிபில்லா மெரியன் என்று ஒரு ஓவியர், 1647இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1699இல் மகளோடு கப்பலேறித் தென்னமெரிக்காவின் சுரினாமுக்குப் போய் அங்கே பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் அது தின்னும் செடியிலேயே வைத்து ஒரே படத்தில் வரைவார். தின்ற இலையில் ஓட்டையும் இருக்கும். அறிவியல்காரரும் அதை வைத்திருக்கிறார்கள், ஓவியக்காரரும் வைத்திருக்கிறார்கள். இலை இல்லாவிட்டால் அது குண்டூசியில் குத்தி வைத்த பூச்சிதான்.

அதோடு தம்பி, முத்தையன்கட்டுப் பக்கம் பற்றைக்குள் இறங்கு என்று யாருக்கும் எழுதாதேயும். எங்கள் பக்கம் எல்லா இடமும் மிதிவெடி எடுத்து முடிந்ததில்லை. சிவப்புப் பலகை நிற்கிற இடம் மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். ஆட்கள் நடந்து பழகின பாதையை விட்டு ஒரு பூச்சிக்காகவும் இறங்கக் கூடாது. வளவே போதும்.


சின்னத்தும்பி எழுதியது:

சரி ரீச்சர், விளங்கிவிட்டது. அந்த வரியை விட்டுவிடுங்கள் அக்கா.

ஐயா, நான் போனில் எடுப்பதால் கிட்டப் போனால் தும்பி பறந்துவிடுகிறது. அதனால்தான் வெட்டுகிறேன். என்ன செய்யலாம்?


பழைய இருட்டறை எழுதியது:

தம்பி, பறந்தால் பின்னால் ஓடாதேயும். தடி நுனியில் குந்துகிற வகைத் தும்பி பெரும்பாலும் அதே நுனிக்கே திரும்பி வரும். அது பறந்து போன நேரத்தில் நீர் போய் அந்த நுனிக்கு ஃபோகஸை வைத்துக்கொண்டு, கையை நீட்டின வாக்கில் அசையாமல் இரும். அதுவாக வந்து குந்தும்.

மத்தியான வெயிலில் போம். எல்லோரும் காலை, பின்னேரம் என்பார்கள், தும்பிக்கு மட்டும் நான் மத்தியானம் சொல்வேன். சூடு தாங்காமல் வாலைச் சூரியனைப் பார்த்து நேரே மேலே தூக்கி நிற்கும், உடம்பில் வெயில் படுகிற பரப்பைக் குறைக்க. அந்த நிலையில் தும்பி ஒரு நிலைக்குத்துக் கோடு. போனையும் நிலைக்குத்தாகப் பிடித்து, மேலே வானம் நிறைய விட்டு, ஒன்றும் வெட்டாமல் எடுத்துப் பாரும். செட்டைப் படம் வேண்டுமென்றால் பக்கத்தில் இருந்து, செட்டை முழுதும் போனுக்குச் சமாந்தரமாக வருகிற கோணம் பிடிக்க வேண்டும். சரிவாக எடுத்தால் பாதிச் செட்டை தெளிவு, பாதி புகை.


முழுப்பிரேம் எழுதியது:

ரயில் நிலையப் படம் பற்றித் தெரியாது ஐயா, தேடிப் பார்த்தேன். ஆனாலும் அது அவர் எப்போதாவது செய்தது. எடுக்கும்போதே யோசிக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.


பழைய இருட்டறை எழுதியது:

மாற வேண்டாம் தம்பி. பூச்சி காத்திருந்தால் நானும் உம்முடைய கட்சிதான்.


முள்ளியவளை வளவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மட்டை வெட்டிப் பார்த்தேன். மேசையில் வைத்து நகர்த்தும்போது அம்மாவும் வந்து இருந்துவிட்டார். "இவ்வளவு காட்டு, இது வேண்டாம்" என்று அவர்தான் அதிகம் சொன்னார். படம் 1இல் இலை வளைவைக் கண்டுபிடித்து நிறுத்தச் சொன்னதும் அவர்தான், நான் ஐயா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டவேயில்லை.

தேனீ பொழுதுபட வந்து அதே தண்டில் இருந்தது. சேலை கட்டித்தான் எடுத்தேன் (கூறைச்சேலை இல்லை, பயப்படாதீர்கள்). பால்மா பக்கெட் பிடிக்கப் பக்கத்து வீட்டுப் பெடியன் வந்தான். பின்னணி இப்போது ஒரே கரும்பச்சை, நீலக் கோடு ஒவ்வொன்றாக எண்ணலாம். தண்டைச் சரிந்தபடியே விட்டிருக்கிறேன். இரண்டாவது கோட்டுக்குக் கீழே மகரந்தத் தூள் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, படத்தில்தான் கண்டேன்.

கும்பிடுபூச்சி இடம் மாறிவிட்டது, காணவில்லை. அதனால் பழைய படத்தையே சதுரமாக்கினேன், கொம்பு இரண்டையும் கீழே வெட்டிவிட்டேன்.

வெட்டிய பிறகு அளவுகள்: படம் 1, 4800க்கு 3200. படம் 2, 2000க்கு 2500. படம் 3, 2200க்கு 2200. இதை எவ்வளவு பெரிதாகப் பிறின்ற் போடலாம்? இங்கே கடையில் 12க்கு 18 அங்குலம் வரை போடுவார்கள். மூன்றையும் அந்த அளவிலேயே போடலாமா?


பழைய இருட்டறை எழுதியது:

பிள்ளை, கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பார்கள். சுவரில் மாட்டுவதற்கு 250 தாராளம், 200க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும்.

படம் 1ஐ 12க்கு 18இல் போடலாம், அங்குலத்துக்கு 266 வரும். படம் 2 பெரிதாக வேண்டாம், 8க்கு 10இல் போடும், சரியாக 250. படம் 3 எட்டுக்கு எட்டு, 275. மூன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. புழு பெரிதாகவும் மற்ற இரண்டும் சின்னதாகவும் பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கும்.

கவனிக்க வேண்டியது கடையில்தான். மெஷினில் 8க்கு 12 தாள் போட்டிருந்து, நீர் 4க்கு 5 படம் கொடுத்தால், தாளை நிரப்புவதற்காக அது தானே அகலத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டிவிடும். தேனீக்கு முன்னால் நீர் விட்ட இடம் அங்கேதான் போகும். "வெட்ட வேண்டாம்" என்று வாயால் சொல்லி நம்பி வராதேயும். வீட்டிலேயே 8க்கு 12 அளவில் வெள்ளைத் தாள் ஒன்றைக் கொம்பியூட்டரில் திறந்து, அதற்குள் 8க்கு 10 படத்தை ஒட்டிக் கொண்டுபோம். சதுரத்துக்கும் அப்படித்தான். மிச்ச வெள்ளையைப் பிறகு கத்தியால் வெட்டலாம், அல்லது அப்படியே விட்டு அதில் பூச்சியின் பெயரை எழுதலாம்.

திரையில் பார்ப்பதைவிடப் பிறின்ற் கொஞ்சம் இருட்டாக வரும். படம் 2இல் பின்னணி ஏற்கெனவே இருட்டு, அதனால் தேனீயின் கால்கள் காணாமல் போகலாம். நிழலை ஒரு படி தூக்கிவிட்டு, முதலில் 4க்கு 6இல் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பெரியதைக் கொடும். முன்பள்ளியில் யன்னல் வெளிச்சம் இருக்கும் என்றபடியால் பளபளப்புத் தாள் வேண்டாம், மற் தாள் கேளும். மாட்டும்போது பிள்ளைகளின் கண் மட்டத்தில் மாட்டும், பெற்றோர் குனிந்து பார்க்கட்டும்.


முள்ளியவளை வளவு எழுதியது:

நன்றி ஐயா. மற் தாள் இருக்கிறதா என்று நாளைக்குக் கடையில் கேட்கிறேன். ரீச்சர், அந்த எச்சம் மாதிரிச் சின்னப் புழுவும் தேசிமரத்தில் அகப்பட்டது. எடுத்துவிட்டு வெட்டாமலேயே போடுகிறேன், எங்கே நிறுத்தலாம் என்று சொல்லுங்கள்.